மெட்டில்லாப் பலகையும் பராய் இலையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை நடக்கும்போது அரையரின் கைகளில் இருப்பவை தாளங்கள் மட்டுமே. சுருதிக்கென்று ஒரு நரம்புக் கருவி அங்கே கிடையாது. பாசுரம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நழுவிச் செல்வதும், நின்று அசைவதும், திரும்பி வருவதும் குரலாலேயே நிகழ்கின்றன. மனிதக் குரலுக்குப் படிக்கட்டு இல்லை. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள வெளி முழுவதும் அதற்குப் பாதைதான். நம் இசையில் கமகம் என்று சொல்லப்படுவது அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது.

குரல் செய்வதை ஒரு மரக்கருவியைச் செய்ய வைப்பது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாடு பல நூற்றாண்டுகளாக விடை தேடியிருக்கிறது. யாழ், வீணை, வயலின், கோட்டு வாத்தியம் ஆகிய நான்கையும் அக்கேள்விக்குக் கிடைத்த நான்கு விடைகளாகக் காணலாம். பாடியவர்கள், வாசித்தவர்கள், புரவலர்கள் ஆகியோரின் பெயர்கள் நம் இசை வரலாற்று நூல்களில் நிறைந்திருக்கின்றன. நரம்புக்கு அடியில் கிடக்கும் மரப்பரப்பைப் பற்றியும், அதை வழவழப்பாக்கிய கைகளைப் பற்றியும் அவை பேசுவது அரிது. அந்தப் பரப்பின் கதையைச் சற்றுத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலகை இல்லாத கருவி

பொருநராற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போது, யாழைப் பற்றிய அதன் தொடக்கப் பகுதியை உவமைப் பட்டியலாகக் கடந்து செல்வது நம் வழக்கம். உண்மையில் அது ஒரு கருவியை அருகில் உட்கார்ந்து பார்த்த ஒருவரின் பதிவு. மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர், இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஓடும் மென்மயிர் போன்ற தோற்றமுடைய தோற்போர்வை, வளையில் வாழும் நண்டின் கண்ணைப் போல் துளையை அடைத்து நிற்கும் ஆணி, படமெடுத்த பாம்பென நிமிர்ந்த கரிய தண்டு என்று முடத்தாமக்கண்ணியார் ஒவ்வோர் உறுப்பாகக் கண்ணை ஓட்டுகிறார். இறுதியில் நரம்புக்கு வருகிறார். குற்றித் தூய்மை செய்த தினையரிசியைப் போல, குற்றம் நீங்கிய நரம்பு என்கிறார். விரல் தடவிச் செல்லும் பொருளில் ஒரு பிசிறும் இருக்கக்கூடாது என்பது அன்றே தெளிவாகத் தெரிந்திருந்தது.

சீவக சிந்தாமணியில் இது ஒரு சோதனையாகவே நடக்கிறது. காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் கொண்டுவரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்று நீரில் நின்று இளகிய மரம். இன்னொன்று இடி விழுந்த மரம். மற்றொன்று நெருப்பில் வெந்தது. நரம்பினுள் ஒளிந்திருந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். வாசிக்கும் திறமைக்கு முன்பே கருவியை அறியும் திறமை சோதிக்கப்படுகிறது. திருத்தக்கதேவர் இக்காட்சியை எழுதும்போது அவருக்கு அருகில் ஏதேனும் ஒரு கருவிப் பட்டறை இருந்திருக்க வேண்டும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் யாழுக்கு விரற்பலகை இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். நரம்புகள் வெட்டவெளியில் நிற்கின்றன. விரல் அழுத்தி நழுவுவதற்குக் கீழே எதுவும் இல்லை. சேக்கிழார் சொல்லும் யாழ்முரிக் கதையை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பாடல்கள் சிறக்கின்றன என்று தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார் சொன்னார்கள். அது பொறாத பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளும்படி சம்பந்தரை வேண்டினார். அவ்வாறே பாடப்பட்டது. யாழ் தோற்றது. பாணர் கருவியை உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். பக்தி மரபில் இக்கதைக்கு இருக்கும் பொருள் வேறு. இசையின் பக்கமிருந்து பார்த்தால், குரலின் நழுவலைத் தாங்கப் பரப்பில்லாத ஒரு கருவியின் எல்லை இங்கே பதிவாகியிருக்கிறது எனலாம்.

பின்னர் யாழ் மறைந்தது. அதன் இசைமுறையை மீட்க முயன்ற விபுலாநந்த அடிகளுக்குக் கிடைத்தவை பாடல் வரிகளும் உரைகளும் கணிதமுமே. பல ஆண்டு உழைப்பின் பயனான அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் வெளிவந்தது. புலவர்கள் எழுதி வைத்ததால்தான் அந்த மீட்பு இயன்றது. எழுதாமல் விட்டவை, அதாவது மரத்தை எப்படிச் சீவினார்கள், எதைத் தேய்த்தார்கள், எதைப் பூசினார்கள் என்பவை, பெரும்பாலும் போய்விட்டன.

இலை செய்த வேலை

உப்புத்தாள் வருவதற்கு முன்பு மரத்தை எதனால் வழவழப்பாக்கினார்கள்? ஒரு விடை நம் ஊர் மரங்களிலேயே இருக்கிறது. பராய் என்றும் பிராய் என்றும் வழங்கும் சிறுமரத்தின் இலை தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மரச்சாமான்களையும் தந்தத்தையும் மெருகிட அவ்விலையைப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உண்டு. திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்தது இந்த மரம்தான். அங்கே அது தலமரம். தேவாரம் பெற்ற ஓர் ஊரின் பெயரிலேயே தச்சனின் கருவி ஒன்று நிற்கிறது. ஊர்ப்பெயரை நாம் அறிவோம், மரம் செய்த வேலையை மறந்துவிட்டோம்.

இலைக்குப் பின் தாள் வந்தது. அதன் மேல் ஒட்டிய துகள்கள் உப்பைத் தூவியது போலத் தெரிவதால் நம் ஆசாரிமார் அதை உப்புத்தாள் என்கிறார்கள். அழகான சொல். தாளின் பின்புறம் அச்சிட்ட எண் குறைவாக இருந்தால் துகள் பெரியது, கூடினால் நுண்ணியது. 80-ஆம் எண் மரத்தைத் தின்னும். 2000-ஆம் எண் மரத்தைத் துடைக்கும்.

மெழுகில் நின்ற மெட்டுகள்

வீணை வேறொரு விடையைச் சொன்னது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு இன்றைய வீணையின் 24 நிலையான மெட்டுகளை இணைத்துச் சொல்வது மரபு. பலாமரத் தண்டின் மேல் இரண்டு மெழுகுக் கரைகள், அவற்றின் மேல் வெண்கல மெட்டுகள். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய அந்தக் கருமெழுகில் மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மெழுகு தேய்ந்து மெட்டுகள் விலகினால் மீண்டும் கட்டவேண்டும்.

படிக்கட்டு வைத்த கருவியில் கமகம் எப்படி வரும்? வாசிப்பவர் மெட்டின் மேலேயே நரம்பைப் பக்கவாட்டில் இழுக்கிறார். இழுத்த அளவுக்கு ஸ்வரம் ஏறுகிறது. படிகளின் மேல் நழுவுவதும் உண்டு. இதற்காக விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஆக, படிக்கட்டு இருந்தும் அதை மீறும் வித்தையே வீணை வாசிப்பு.

எட்டயபுரத்தில் ஒரு புதிய பலகை

மெட்டே இல்லாத, விரல் நேரே மரத்தைத் தொடுகின்ற கருவி நமக்குக் கடல் கடந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786-இல் பிறந்தவர். குடும்பம் மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, சென்னைக் கோட்டையில் ஐரோப்பியர் வாசிக்கக் கேட்டு, ஓர் ஐரோப்பியரிடமே வயலின் கற்று, அதை நம் இசைக்குப் பழக்கினார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். தமையனும் அங்கே வந்து 1835-இல் மறைந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் இக்கருவியை எடுத்துக்கொண்டவர். சுவாதித் திருநாள் அவருக்குத் தந்த வயலின் ஒன்றை 1834-இல் பரிசளித்தார் என்பது பலரும் அறிந்தது.

ராஜபாளையத்திலிருந்து எட்டயபுரம் அதிகத் தொலைவில் இல்லை. கோவில்பட்டியைத் தாண்டினால் போதும். பாரதியின் ஊர் என்றே நம் மாணவர்கள் அதை அறிவார்கள். இந்தக் கரிசல் பூமியில்தான் வயலின் நம்முடையதாயிற்று என்பதும், பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனான சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி’யை இங்கிருந்துதான் அச்சிட்டார் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவேண்டும். அந்நூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. நழுவலுக்கு ஜாரு, அசைவுக்குக் கம்பிதம் என்று பெயர்கள் இட்டு, வீணையில் விரலை என்ன செய்யவேண்டும் என்றும் விளக்கியிருக்கிறார். விரலின் அசைவை எழுத்தில் பிடித்த முயற்சி அது.

ஐரோப்பியர் வயலினைத் தோளுக்கும் தாடைக்கும் இடையில் பிடித்தனர். இடக்கை கருவியையும் ஓரளவு தாங்கவேண்டும். நம்மவர் தரையில் அமர்ந்து கருவியின் தலையை வலது கணுக்கால் மேல் சாய்த்தனர். இடக்கை சுமையிலிருந்து விடுபட்டது. விரல் ஒரே நரம்பில் பலகை நெடுகிலும் ஓடி வர முடிந்தது. இதன் விளைவு ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஓட்டம் கூடியதால் பலகை தேய்வதும் கூடியது. நரம்பு மரத்தை அறுக்கிறது. வியர்வை மரத்தை ஊறவைக்கிறது. பல ஆண்டு வாசித்த வயலினில் நரம்பின் கீழ் வாய்க்கால் போன்ற பள்ளங்களைக் காணலாம். பள்ளம் விழுந்த இடத்தில் நரம்பு இரையும், ஸ்வரம் தெளியாது. அதனால்தான் நல்ல வயலினின் பலகை கருங்காலியால் ஆனது. இரும்பைப் போல் இறுகிய அம்மரத்துக்குப் பூச்சு தேவையில்லை. சீவி, தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும்.

ராஜபாளையத்தில் ஒரு பழுது பார்ப்பு

கருங்காலிக்கு விலை உண்டு. மலிவான வயலின்களில் வெளிறிய மென்மரத்துக்குக் கருஞ்சாயம் அடித்துக் கருங்காலி போலக் காட்டியிருப்பார்கள். எங்கள் மாணவி ஒருத்தியின் வயலினில் அந்தச் சாயம் உரிந்து, கீழே மரம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. புதுப் பலகை பொருத்த அவளுக்கு வசதியில்லை. ராஜபாளையத்தில் மேசை நாற்காலி செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனோம். வாத்தியம் அவருக்குப் புதிது, மரம் புதிதில்லை. மூன்று வாரங்களில் அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதை இங்கே எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

முதலில் நரம்புகளைக் கழற்றி, வயலினின் வயிற்றுப் பகுதியைத் தாள் ஒட்டி மறைத்தார். பிறகு பலகையின் மேல் நேர்க்கோலை வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இடையே ஒளி கசிந்தது.

“நடுவுல பள்ளமா இருக்கே சார், மட்டம் பண்ணிரவா?” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி, அது வேணும்னே விட்டது” என்றாள் மாணவி.

அவள் சொன்னது சரி. வயலின் பலகை நீளவாக்கில் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருக்கவேண்டும், அடித்து அதிரும் நரம்புக்கு அந்த இடம் தேவை. அகலவாக்கிலோ அது மேல்நோக்கி வளைந்தது. ஆசாரி ஒரு கணம் யோசித்துவிட்டு, பலகையின் வளைவுக்கு எதிர்வளைவாக ஒரு மரக்கட்டையைக் குடைந்தார். உப்புத்தாளை அந்தக் கட்டையில் சுற்றித்தான் தேய்த்தார், விரலால் ஒருமுறையும் தேய்க்கவில்லை. விரல் மென்மையானது, மென்மையான இடத்தில் ஆழமாக இறங்கி அலை அலையாகப் பள்ளம் செய்துவிடும் என்பது அவர் அனுபவம்.

பழைய சாயத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினார். 120, 180, 220 என்று தாளின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார். எப்போதும் நரம்பு ஓடும் திசையில்தான் தேய்ப்பு. தூசியை ஈரத்துணியால் துடைத்தபின், மேசைப் பரப்புகளுக்குப் பயன்படுத்தும் இரு கலவை எப்பாக்ஸியில் கருநிறம் சேர்த்து, மெல்லியதாக ஒரு பூச்சு. அதை மரம் குடித்தது. மறுநாள் இன்னொன்று, அதன் மறுநாள் இன்னொன்று. பிறகு நன்றாக இறுகும்வரை ஒரு வாரம் கருவியைத் தொடவே இல்லை. அரைகுறையாக இறுகிய பூச்சைத் தேய்த்தால் அது பொடியாக உதிராமல் தாளில் பிசினாக அப்பிக்கொள்ளும்.

அதன் பிறகுதான் வேலையின் நுட்பமான பகுதி. இறுகிய பூச்சு கண்ணுக்குப் பளபளத்தாலும் மட்டமாக இருக்காது. ஆசாரி அதன் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு 320-ஆம் தாளால் தேய்த்தார். மேடு இருந்த இடத்தில் கிறுக்கல் மறைந்தது, பள்ளத்தில் தங்கியது. எல்லாக் கிறுக்கலும் போகும்வரை தேய்க்கவேண்டும். ஆனால் பூச்சைத் துளைத்து மரத்தைத் தொட்டுவிடக்கூடாது. தொட்டால் அந்த இடம் வளையம் வளையமாகக் காட்டிக்கொடுக்கும், மறுபடி பூசவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கனம் ஒரு தாளின் கனத்தைவிட அதிகமில்லை. அடுத்து 400, 600, 800, 1000, 1500 எனத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்தைய எண் விட்ட கீறலை அழிக்கவேண்டும். “ஒரு நம்பரத் தாண்டிப் போனா, பழைய கோடு அடியிலயே படுத்துக்கிடும் சார். கடைசியில வெளிச்சத்துல எந்திரிச்சு நிக்கும்” என்றார்.

2000-ஆம் தாளுக்குப் பின் மெருகுக் களிம்பு போட்டுக் கண்ணாடியாக்கினார். மாணவி விரலை வைத்து நழுவிப் பார்த்தாள். வியர்வை பட்டதும் விரல் லேசாக ஒட்டியது. களிம்பு போடுவதற்கு முந்தைய நிலைக்கே திரும்ப வேண்டும் என்றாள். ஆசாரிக்கு வருத்தம்தான், ஆனாலும் செய்தார். மங்கிய கறுப்பில் விரல் தடையின்றி ஓடியது. மினுக்கம் வேறு, வழவழப்பு வேறு. முதலாவது கண்ணுக்கு, இரண்டாவது விரலுக்கு.

மற்ற விடைகள்

இதே வேலையை உலகின் வேறு மூலைகளிலும் செய்திருக்கிறார்கள். அமெரிக்க பாஸ் கிதார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) தன் கிதாரின் மெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பலகை மேல் பூசினார். சுற்றுக்கம்பி நரம்புகள் மரத்தை அரித்துவிடாமலிருக்கவே அந்தப் பூச்சு. 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில், குரலைப் போல் நழுவிப் பாடும் அந்தக் கிதாரைக் கேட்கலாம். வடக்கே, ஆப்கானிய ரபாபிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவான சரோத், மரப்பலகையின் மேல் பளபளக்கும் உலோகத் தகட்டையே போர்த்திக்கொண்டது. நகநுனி அதன் மேல் வழுக்கிச் செல்கிறது.

தமிழ்நாட்டின் விடை இவற்றிலும் வேறானது. வீணையிலிருந்து மெட்டுகளையும் மெழுகையும் நீக்கிவிட்டு, விரலுக்குப் பதில் ஓர் உருளையை நரம்பின் மேல் நழுவவிட்டதே கோட்டு வாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ் இதில் பெரும்புகழ் பெற்றார். செம்மங்குடி சீனிவாசய்யர் அவரிடம் பயின்றவர். பின்னர் நாராயண ஐயங்கார் (1903–1959) இக்கருவியைத் தம் பெயரோடு சேர்ந்து வழங்கச் செய்தார். அவருடைய பேரன் ரவிகிரண் சித்திரவீணை என்ற பெயரை நிலைநிறுத்தினார். இங்கே நரம்பு பலகையைத் தொடுவதே இல்லை. வழவழப்பு பலகையை விட்டு உருளைக்கு இடம் மாறிவிட்டது. கருங்காலி, எருமைக்கொம்பு, கண்ணாடி, எஃகு, டெஃப்லான் என்று அந்த உருளைக்கும் ஒரு வரலாறு உண்டு.

எழுதப்படாதவை

யாழில் நரம்பு, வீணையில் மெட்டு, வயலினில் பலகை, கோட்டு வாத்தியத்தில் உருளை. வழவழப்பு இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, தேவை மாறவில்லை. கமகத்தை உயிராகக் கொண்ட ஓர் இசைக்கு, தடையில்லாத ஒரு பரப்பு எங்கேனும் இருந்தாகவேண்டும். அந்தப் பரப்பைத் தந்தவர்கள் தச்சர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேரின் மரச்சிற்பங்களைச் செதுக்கிய அதே கைவழி அவர்களுடையது. தேரை இழுத்தவர்களும் அதைப் பாடியவர்களும் நினைவுகூரப்படுகிறார்கள். உளி பிடித்தவர் அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

இது வெறும் நன்றிக்கடன் பற்றிய பேச்சன்று. யாழை நாம் இழந்தது எப்படி என்பது நமக்குத் தெரியும். வாசித்தவர் மரபு அற்றதும், செய்தவர் மரபும் அற்றது. பிறகு எஞ்சியது பாட்டில் இருந்தது மட்டுமே. இன்று கருங்காலி அருகிவருகிறது. மேளம் கட்டக்கூடியவர்களைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது. பராய் இலையின் பயன் அகராதியிலும் தாவர நூல்களிலும் ஒதுங்கிவிட்டது. எந்த மரத்துக்கு எந்தப் பூச்சு, எத்தனை நாள் காயவிட வேண்டும், எந்த இடத்தில் கையை நிறுத்தவேண்டும் என்ற அறிவு பட்டறைகளில் வாய்மொழியாகவே இருக்கிறது, பட்டறை மூடினால் அதுவும் மூடிவிடும்.

தமிழ் படித்த நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. இசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அருகிலுள்ள ஒரு பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, அங்கே வழங்கும் சொற்களை எழுதி வாங்கலாம். முடத்தாமக்கண்ணியார் செய்தது ஏறத்தாழ அதுதான். அவர் நண்டின் கண்ணையும் ஆணியையும் ஒன்றாகப் பார்த்து எழுதி வைத்ததால், பல நூற்றாண்டுகளுக்குப் பின் விபுலாநந்தருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நூலிழை கிடைத்தது. நம் காலத்து வயலினையும் வீணையையும் தேடி இனி வரப்போகும் ஒருவருக்கு நாம் என்ன விட்டுச் செல்கிறோம் என்பதே கேள்வி.